சங்கச் சந்தா வீண் செலவா?

வணக்கம். நியூ ஜெர்சியில் கவுன்சலிங் முதுகலை முடிக்கப் போவதாகவும், "கவுன்சலர் சங்கம், சட்டம் எல்லாம் எனக்கு எதற்கு, சந்தா கட்டத்தான் வேண்டுமா" என்றும் கேட்டிருந்தீர்கள். நானும் ஒரு காலத்தில் இப்படிக் கேட்டவன்தான்.

மனைவியை இழந்த ஒருவர் என்னிடம் இரண்டு வருடமாக வந்துகொண்டிருந்தார். 65 வயதானதும், முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் புது அட்டையை மேசைமேல் வைத்தார். என்னிடம் வந்தால் அது பணம் தராது, கைக்காசு கொடுக்க அவருக்கு வசதியில்லை. மனநல சிகிச்சை தரும் சமூகப் பணியாளர் (கிளினிக்கல் சோஷியல் வொர்க்கர்) ஒருவரிடம் அனுப்பினேன். அவர்களை 1989 சட்டத்திலேயே மெடிகேரில் சேர்த்துவிட்டார்கள், கவுன்சலர்களான நம்மைச் சேர்க்கவில்லை. இத்தனைக்கும் இருவருக்கும் முதுகலைப் படிப்புதான். "மறுபடி முதலிலிருந்து சொல்லணுமா?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

2022 டிசம்பரில் சட்டம் மாறி, 2024 ஜனவரி 1 முதல் நாமும் மெடிகேருக்கு பில் போடலாம். அது தானாக வரவில்லை. சங்கங்களின் முயற்சியில் வருடக்கணக்கில் மசோதா மேல் மசோதா, கடிதம் மேல் கடிதம். இன்றும் மெடிகேர் சைக்காலஜிஸ்டுக்குத் தருவதில் 75 சதவீதம்தான் நமக்கு. அதற்கும் யாராவது பேச வேண்டாமா?

சரி, மாணவர் சந்தா குறைவு, இப்போதே சேர்ந்துவிடுங்கள். அப்புறம், தொகுதிப் பிரதிநிதிக்கு எழுதும்போது சங்கம் தரும் மாதிரிக் கடிதத்தை அப்படியே அனுப்பாதீர்கள். அடையாளம் தெரியாதபடி ஒரு சம்பவத்தை இரண்டு வரியில் எழுதுங்கள்.