காமன் கூத்தும் திணறும் மடிக்கணினியும்

கேள்வி: மாசி மாதம் எமது தோட்டத்தில் ஆடப்பட்ட காமன் கூத்தை ஒரு கமராவிலும் மூன்று கைத்தொலைபேசிகளிலும் ஒளிப்பதிவு செய்தோம். கமராவில் 12 மணித்தியாலப் பதிவு உள்ளது. அது 4கே, எச்.265, செக்கனுக்கு 25 ஃபிரேம். கைத்தொலைபேசிகளில் 28 மணித்தியாலம் உள்ளது. அது 1080, செக்கனுக்கு 30 ஃபிரேம். இவற்றை ஒன்றரை மணித்தியால ஆவணப்படமாக்க முயல்கிறோம். டாவின்சி ரிசொல்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் திறந்தால் மடிக்கணினி நின்று நின்று ஓடுகிறது. கைத்தொலைபேசிப் பதிவுகளில் நேரம் போகப் போக ஒலி விலகுகிறது. புதிய கணினி வாங்க வசதியில்லை. 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கிறது. எந்த வடிவத்தில் எடிட் செய்வது?
– வாசகர் ஒருவர், தலவாக்கலை

பதில்: உங்கள் மடிக்கணினியைக் குறை சொல்வதற்கு முன்னர், அதற்கு எத்தகைய வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். எச்.264, எச்.265 ஆகிய இரண்டும் குறைந்த இடத்தில் படத்தைச் சேமிப்பதற்கும் அனுப்புவதற்கும் உருவானவை. அவற்றில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. இடைக்கிடை ஒரு முழுப் படமும், அதைத் தொடர்ந்து வரும் ஃபிரேம்களில் என்ன மாறியது என்ற குறிப்பும் மட்டுமே பதிவாகின்றன. கொழுந்து நிறுவையை மாதத்தின் முதல் நாளில் மட்டும் முழுதாக எழுதிவிட்டு, பிறகு ‘நேற்றைவிட இரண்டு கிலோ கூட’, ‘நேற்றைவிட ஒரு கிலோ குறைவு’ என்று எழுதிக்கொண்டு போன ஒரு பேரேட்டை நினைத்துப் பாருங்கள். இருபத்தைந்தாம் நாளின் நிறையை அறிய முதல் நாளிலிருந்து கூட்டிக் கழித்து வர வேண்டும். நீங்கள் டைம்லைனில் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) ஓரிடத்தைத் தொடும்போதெல்லாம், குறிப்பாகப் பின்னோக்கி நகர்த்தும்போது, கணினி இந்தக் கணக்கைத்தான் மறுபடி மறுபடி போடுகிறது.

புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற கோடெக்குகளில் (படத்தைச் சுருக்கிப் பதியும் முறைகளில்) ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியே முழுமையானது. கோப்பு பல மடங்கு பெருக்கும். ஆனால் பழைய கணினியும் தடங்கலின்றி ஓட்டும். ஆகவே கமரா தந்த வடிவத்திலேயே எடிட் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நீளமான வேலைக்கு எடிட்டிங் பிரதிகளைத் தனியே செய்துகொள்வதே எனது உறுதியான ஆலோசனை.

ஒலி விலகுவதற்குக் காரணம் வேறு. பல கைத்தொலைபேசிகள் ஃபிரேம் வேகத்தை மாறாமல் வைத்திருப்பதில்லை. இரவில் பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் ஆடும் ஆட்டத்தை எடுக்கும்போது, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் ஒளி கிடைப்பதற்காக அவை வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். வெளிச்சம் வந்ததும் கூட்டிக்கொள்ளும். ஒலியோ ஒரே சீராகப் பதிவாகிறது. எடிட்டிங் மென்பொருள் படமும் சீராக இருப்பதாக எண்ணி அடுக்குவதால் இரண்டும் பிரிகின்றன. எனவே கைத்தொலைபேசிப் பதிவுகள் அனைத்தையும் முதலில் நிலையான 30 ஃபிரேமுக்கு மாற்றுங்கள். இந்த வேலை முடியும் வரை ஒரு வெட்டும் போட வேண்டாம். போட்டால் பின்னர் கோப்புகளை மாற்றும்போது வெட்டிய இடங்கள் எல்லாம் நகர்ந்துவிடும்.

இலவசமான ஷட்டர் என்கோடர் மென்பொருளில் இதைச் செய்யலாம். புரோரெஸில் சிறிய வகையான 422 எல்டி போதுமானது. 1080இல் 30 ஃபிரேமுக்கு அது மணித்தியாலத்திற்கு ஏறத்தாழ 46 ஜிபி எடுக்கும். உங்கள் 28 மணித்தியாலமும் 1.3 டெராபைட் அளவில் அடங்கிவிடும், அவற்றை நேரடியாகவே எடிட் செய்யலாம்.

கமராப் பதிவை அவ்வாறு மாற்றத் தேவையில்லை. 4கே அளவிலேயே புரோரெஸ் 422 ஆக்கினால் மணித்தியாலத்திற்கு 220 ஜிபி வரை போகும். 12 மணித்தியாலத்திற்கு உங்கள் டிஸ்க் தாங்காது. அதற்கு 1080 அளவில் புரோரெஸ் புரொக்சி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டுமான இலேசான பிரதி, செய்யுங்கள். மணித்தியாலத்திற்கு ஏறத்தாழ 17 ஜிபி வீதம் 200 ஜிபியை ஒட்டி முடிந்துவிடும். எடிட்டிங் முழுவதும் புரொக்சியில் நடக்கட்டும். வர்ணத் திருத்தத்துக்கும் இறுதி வெளியீட்டுக்கும் மூலக் கோப்புக்குத் திரும்புங்கள். புரொக்சியின் ஃபிரேம் வேகமும் ஒலித் தடங்களின் எண்ணிக்கையும் மூலத்தில் உள்ளவாறே இருக்க வேண்டும் என்பதில் கவனமாக இருங்கள்.

எல்லாவற்றையும் இரவோடிரவாக மாற்றப் போடுவதற்கு முன்னர் ஒரேயொரு நீளமான கோப்பை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். அதன் கடைசி நிமிடத்துக்குச் சென்று, தப்பு அடிப்பவரின் குச்சி தோலில் படும் ஃபிரேமைத் தேடி, டைம்லைனைப் பெரிதாக்கி, அதே ஃபிரேமின் கீழே ஒலி அலை கூராக எழுகிறதா என்று பாருங்கள். 30 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் என்பது 33 மில்லி செக்கன். ஒரு ஃபிரேம் விலகல் கண்ணுக்குத் தெரியாது; நான்கைந்து ஃபிரேம் விலகினால் தப்பாட்டத்தில் யாருக்கும் தெரிந்துவிடும். இசைக்கருவிகளிலேயே தப்பு இந்தச் சோதனைக்கு மிகவும் பொருத்தமானது.

கூத்தின் முழு ஓட்டமும் கமராவில் இருக்குமானால் டைம்லைனை 25 ஃபிரேமில் அமையுங்கள். முதல் கோப்பை இடுவதற்கு முன்பே இதைத் தீர்மானிக்க வேண்டும்; ரிசொல்வில் பிறகு மாற்ற முடியாது. கைத்தொலைபேசிக் காட்சிகளில் ஆறு ஃபிரேமுக்கு ஒன்று விடுபடுவதால், வேகமான ஆட்டத்தில் இலேசான வெட்டு தெரியும். ரதி புலம்பும் காட்சி போன்ற நிதானமான இடங்களில் அது உறுத்தாது. ஆகவே கைத்தொலைபேசிக் கோணங்களை அங்கே கூடுதலாகப் பயன்படுத்துங்கள். அடுத்த மாசியில் எல்லாக் கருவிகளையும் 25 ஃபிரேமிலும், இயலுமானால் ஷட்டரை ஒரு செக்கனின் 50இல் ஒரு பங்கிலும் வையுங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் குழல் விளக்கின் மினுக்கமும் அதில் பதிவாகாது.

கேள்வி: எம்பி4 நல்லதா, எம்ஓவி நல்லதா?
– வாசகி ஒருவர், பண்டாரவளை

பதில்: இரண்டும் பெட்டிகள் மட்டுமே. ஒரே எச்.264 படத்தை எம்பி4இலும் எம்ஓவியிலும் வைக்கலாம். எடிட்டிங் வேகத்தில் வேறுபாடு இராது. உள்ளே இருக்கும் கோடெக் எது என்று பாருங்கள். இலவசமான மீடியாஇன்ஃபோ மென்பொருள் அதைக் காட்டும். ஃபிரேம் வேகம் நிலையானதா மாறுவதா என்பதையும் அதிலேயே அறியலாம்.

தலவாக்கலை வாசகருக்கு இன்னொன்று. யூடியூப்பில் ஏற்றுவதற்கு எச்.264, எம்பி4 போதும். ஆனால் முடிந்த படத்தின் ஒரு பிரதியை 1080இல் புரோரெஸ் 422ஆகவும் வைத்திருங்கள். ஒன்றரை மணித்தியாலத்திற்கு அது 80 ஜிபியைச் சிறிது தாண்டும். எடிட்டிங் முடிந்ததும் புரொக்சிகளை அழிக்கலாம். மூலப் பதிவுகளை மட்டும் ஒருபோதும் அழிக்காதீர்கள். அவற்றை இரண்டு டிஸ்க்குகளில், இரண்டு வீடுகளில் வையுங்கள். அந்தக் கூத்துப் பாடல்களை முழுதாக அறிந்த முதியவர்களின் குரல் அவற்றில்தான் இருக்கிறது.