ஏற்காடு ஏறுகிறவர்களுக்கு: சீட் பெல்ட், ஹெல்மெட் கேள்வி பதில்

சேலத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் நான். வந்த கேள்விகளில் அதிகம் பேர் கேட்டதை மட்டும் எடுத்துக்கொண்டேன், மீதி அப்புறம்.

கேள்வி: அண்ணா, என் உயிர், என் கார். நான் பெல்ட் போடாவிட்டால் அரசாங்கத்துக்கு என்ன வந்தது? ஆயிரம் ரூபாய் பிடுங்கத்தானே சட்டம்?

பதில்: உங்கள் உயிர் மட்டும் என்றால் நானும் விட்டுவிடுவேன் தம்பி. வண்டி மோதி நிற்கும்போது பின்சீட்டில் பெல்ட் போடாதவர் நிற்கமாட்டார், வந்த அதே வேகத்தில் முன்சீட்டின் முதுகில் போய் இடிப்பார், ஒழுங்காக பெல்ட் போட்டு முன்னால் உட்கார்ந்திருக்கிற உங்கள் வீட்டுக்காரம்மாவுக்குத்தான் அந்த அடி விழும். 50 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம், கையை ஊன்றிச் சமாளிக்கிற காரியம் இல்லை. மலைப்பாதையில் இடிந்த தடுப்புச் சுவரைக் கட்டாமல் அபராத ரசீது மட்டும் கிழித்தால் போதுமா என்று கேளுங்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சுவர் கட்டும்வரை பெல்ட் போடமாட்டேன் என்பது யார் மேல் காட்டுகிற கோபம்?

கேள்வி: பின்சீட்டுக்கும் கட்டாயமா சார்?

பதில்: கட்டாயம்தான், அதே 1000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பரில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவில் பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தபோது நாடே இதைப் பேசியது; அவர் பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் இருந்தார். ஒரு மாதத்தில் எல்லோரும் மறந்துவிட்டோம்.

கேள்வி: ஏர்பேக் இருக்கிறதே?

பதில்: அது பெல்ட்டுக்குத் துணை, பெல்ட்டுக்குப் பதில் இல்லை. பெல்ட் போடாமல் முன்னால் சரிந்துவிட்டவர் முகத்தில்தான் அந்தப் பை அறையும். பெல்ட் போடாவிட்டால் வருகிற பீப் சத்தத்தை நிறுத்தும் கிளிப்பை விற்கக் கூடாது என்று 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே ஆன்லைன் கடைகளுக்கு உத்தரவு போட்டது. வைத்திருந்தால் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: மலையில் பள்ளத்தில் உருண்டால் பெல்ட்டில் மாட்டிக்கொள்வோமே, போடாவிட்டால் குதித்தாவது தப்பிக்கலாம் அல்லவா?

பதில்: உருளுகிற காரிலிருந்து யாரும் குதிப்பதில்லை. கண்ணாடி வழியாகத் தூக்கி எறியப்படுகிறார்கள், சில சமயம் அதே கார் மேலே விழுகிறது. உள்ளே நினைவோடு இருந்தால்தான் சிவப்பு பட்டனை அழுத்தி வெளியே வரவே முடியும். கார் தலைகீழாகக் கிடந்தால் முதலில் ஒரு கையைக் கூரையில் ஊன்றிக்கொண்டு அப்புறம் அழுத்துங்கள், இல்லாவிட்டால் தலை குப்புற விழுவீர்கள்.

பெல்ட்டைப் பற்றிக் கேட்கிறவர்கள் கியரைப் பற்றிக் கேட்பதே இல்லை. 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறின கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், அடிவாரம் நெருங்கும்போது மிதித்தாலும் பிடிக்காது. கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். எதிரே ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்குகிறவர்தான், இதுவும் சட்டம்.

கேள்வி: எனக்கு ஏழு மாசம் அண்ணா. பெல்ட் போடலாமா?

பதில்: கண்டிப்பாகப் போடணும்மா. கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பை ஒட்டி இருக்கணும், வயிற்றின் மேல் வரவே கூடாது. மேல்பட்டை மார்பு நடுவே இறங்கி வயிற்றின் பக்கமாகப் போகட்டும். ஏற்காடு குளிருக்குத் தடித்த ஸ்வெட்டர் போட்டிருந்தால் முன்பக்கம் திறந்துவிட்டு அதற்குள்ளே பெல்ட்டை மாட்டுங்கள், மேலே மாட்டினால் தளர்ந்து நிற்கும்.

கேள்வி: பைக்கில் மூணு வயசுப் பையனுக்கும் ஹெல்மெட்டா?

பதில்: ஆமாம். 2023 பிப்ரவரி 15 முதல், 9 மாதத்திலிருந்து 4 வயது வரை ஹெல்மெட், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை இரண்டும் வேண்டும், வேகம் 40ஐத் தாண்டக் கூடாது. பையனின் தலை அளவுக்கு வாங்குங்கள், பெரியவர்களுடையது கண்ணை மறைக்கும். நீங்களும் சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் போலீஸைப் பார்த்ததும் கண்ணாடியில் தொங்குகிற ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்க்காமல் தாடைவாரை மாட்டுங்கள்.

கேள்வி: ஏற்காட்டுக்கு இன்னொரு வழியான குப்பனூர் வழியாகப் போனால் செக்கிங் இருக்காதாமே?

பதில்: செக்கிங் எங்கே இல்லை என்று நான் சொல்லித்தருவதில்லை. அந்த வழியில் போனால் வளைவுக்கு முன்னால் ஹாரன் அடியுங்கள்.