சென்டர் பெட்டி மட்டும் ஏன் வேறு குரலில் பேசுகிறது?

ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்த்தே முப்பது வருடம் ஓட்டியவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: 2006-இல் வாங்கிய வார்ஃப்டேல் டயமண்ட் 9.1 ஜோடி இன்னும் நன்றாகப் பாடுகிறது. இப்போது 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் இணைக்கும் ஆம்ப்ளிஃபயர்) வாங்கியிருக்கிறேன். அதே வரிசையின் சென்டர் ஸ்பீக்கர் எங்கும் கிடைக்கவில்லை. 'எந்தக் கம்பெனியாக இருந்தால் என்ன, வாட்ஸ் அதிகமாக இருப்பதை எடுங்கள்' என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். அந்தப் பெட்டி எவ்வளவு தாங்கும் என்பதற்குத்தான் வாட்ஸ் கணக்கு. அதன் குரல் எப்படி என்று அது சொல்லாது.

முன்னால் இருக்கும் இடது, வலது, நடு (சென்டர்) என்ற மூன்று பெட்டிகளும் ஒரே தொண்டையில் பேச வேண்டும். துணி டோம் (குமிழ்) ட்வீட்டர், அதாவது கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர், வைத்த என் பழைய ஜோடிக்கு நடுவே, சல்லிசாகக் கிடைத்ததே என்று ஹார்ன் (குழல்வாய்) ட்வீட்டர் சென்டர் ஒன்றை ஒரு தடவை வைத்தேன். திரையில் ஒரு கார் இடமிருந்து வலமாகப் போனது. இடப்பக்கம் அம்பாசடராகப் புறப்பட்டு, நடுவில் ஆட்டோவாகி, வலப்பக்கம் மறுபடி அம்பாசடராக வெளியேறியது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டே நாளில் கழற்றிவிட்டேன்.

முதலில், பழசில் இன்னொரு 9.1 தேடுங்கள். ஒற்றையாக யாரும் தரமாட்டார்கள், ஜோடியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். பரவாயில்லை, மிச்சமாகும் ஒன்று உதிரிபாகத்துக்கு ஆகும். டியூப் டிவி காலத்தில், காந்தம் வெளியே பாயாமல் தடுக்கும் ஷீல்டு போடாத ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்தால் திரையின் மூலையில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டு விழும். சென்டர் பெட்டிகளுக்கு ஷீல்டு போட்டு விற்றது அதனால்தான். எல்இடி டிவிக்கு அந்தப் பயமே இல்லை. சாதாரண பெட்டியையே நடுவில் வைக்கலாம்.

அதை நிமிர்த்தியே வையுங்கள். உயரம் சுமார் ஒரு அடிதான். டிவியைச் சுவரில் கொஞ்சம் ஏற்றி மாட்டினால் அடியில் நின்றுவிடும். இடமில்லை என்று படுக்க வைத்தால் வூஃபரும் (கனத்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) ட்வீட்டரும் பக்கவாட்டில் வந்துவிடும். சோபா ஓரத்தில் இருப்பவருக்கு இரண்டும் வேறு வேறு தூரமாகி, குரலின் நடுவில் பள்ளம் விழுந்தது போலக் கேட்கும். இரண்டு வூஃபருக்கு நடுவே ட்வீட்டர் வைத்து விற்கிறார்களே, அந்தப் படுக்கை சென்டர்களில் பலவற்றுக்கும் இந்த வியாதி உண்டு.

பழசு சிக்கவில்லையா? அதே கம்பெனியின் இப்போதைய டயமண்ட் சென்டரைக் கேட்டுப் பாருங்கள். வூஃபரில் அதிரும் கூம்பு, அதாவது கோன், வேறு பொருள், ஆனால் ட்வீட்டர் துணி டோம்தான். உங்கள் பெட்டி ஒன்றைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ரிசீவரின் டெஸ்ட் டோன் இருக்கிறதல்லவா, அந்த 'உஸ்ஸ்' சத்தம், அதை இரண்டிலும் மாற்றி மாற்றி விட்டுக் கேளுங்கள். ஒன்று சத்தமாகவும் மற்றது மெதுவாகவும் இருந்தால் கவலையில்லை. ஒரே வாட்ஸில் எவ்வளவு சத்தம் என்று பெட்டியின் விவரத்தில் டெசிபலில் போட்டிருப்பார்கள். 86 டெசிபல் பெட்டிக்கு, 89 டெசிபல் பெட்டி போடும் அதே சத்தம் போட இரண்டு மடங்கு வாட்ஸ் வேண்டும். அந்த வித்தியாசத்தை ரிசீவர் லெவலில் சரிசெய்துவிடும். ஒன்றில் மழை மாதிரியும் இன்னொன்றில் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரியும் கேட்டால்தான் சிக்கல். அதை எந்த மெனுவாலும் முழுசாகச் சரிக்கட்ட முடியாது.

அப்புறம், சென்டரே இல்லாமலும் இருக்கலாம். ரிசீவர் மெனுவில் சென்டரை 'நன்' (None, இல்லை) என்று வைத்தால் வசனம் இரண்டு முன்பெட்டிகளுக்கும் சமமாகப் பிரிந்து போகும். சரிநடுவில் உட்கார்ந்தவருக்கு நடுவிலிருந்து வருவதாகவே கேட்கும். ஓரத்தில் இருப்பவருக்குத்தான் பக்கத்துப் பெட்டிப் பக்கம் இழுக்கும். நீங்கள் தனியாகப் படம் பார்ப்பவர் என்றால் பணம் மிச்சம்.

கேள்வி: என் பழைய ஜோடியின் வரிசையிலேயே வந்த சென்டரைத் தேடிப் பிடித்து வாங்கினேன். அட்டைப்பெட்டி பிரிக்காத சரக்கு. ஆனாலும் சென்டர் மட்டும் கிரீச்சென்று காதில் குத்துகிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லையம்மா, சென்டர் மேல் தப்பே இல்லாமலும் இருக்கலாம். இதே புகாரோடு ஒருவர் என்னிடம் வந்தார். அதற்குள் இரண்டு சென்டர் மாற்றியிருந்தார். நான் சென்டரைத் தொடவே இல்லை, பழைய ஜோடியைத் திறந்தேன். ட்வீட்டருக்குப் போகும் வழியில் இருந்த எலெக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர் (கனத்த ஒலியைத் தடுக்கும் சிறு மின்பாகம்), மீட்டரில் 4.7 மைக்ரோஃபாரட் காட்ட வேண்டியது, 3-க்கும் கீழே நின்றது. வயதானால் இவை உள்ளே காய்ந்துபோகும். ட்வீட்டருக்குப் போக வேண்டிய ஒலியில் ஒரு பங்கு வழியிலேயே நின்றுவிடும். சில ட்வீட்டர்களில் காயிலைச் சுற்றி ஃபெர்ரோஃப்ளூயிட் என்று ஒரு எண்ணெய் இருக்கும். அதுவும் காலப்போக்கில் பசையாக இறுகிவிடும். இதெல்லாம் ஒரே நாளில் நடப்பதில்லை. கண்ணாடி பவர் ஏறுவது தெரியாமலே பேப்பரைத் தள்ளித் தள்ளிப் பிடிப்போமே, அப்படித்தான் காதும் மங்கலான ஜோடிக்குப் பழகிக்கொள்கிறது. புது சென்டர் வந்து உள்ளபடி பேசியதும் அது நமக்குக் கூச்சலாகப் படுகிறது.

செலவு செய்யும் முன் ஒரு சோதனை. டோன் கன்ட்ரோலையும் ஆட்டோ செட்டிங்கையும் அணைத்துவிட்டு, சென்டரைத் தூக்கி இடது பெட்டியின் இடத்தில் வையுங்கள், இடது பெட்டியை நடுவில் வையுங்கள். ஒயர்களை நகர்த்த வேண்டாம், அந்தந்த இடத்து ஒயரையே அங்கே வந்த பெட்டியில் மாட்டுங்கள். குத்தல் சென்டரோடு நகர்ந்தால் பெட்டிகளுக்குள்தான் வித்தியாசம். நடுவிலேயே நின்றால் டிவி மேசையோ ரிசீவரோ காரணம். பெட்டிதான் என்றால் பழைய ஜோடியின் கபாசிட்டர்களை அதே மதிப்புள்ள ஃபிலிம் கபாசிட்டராக மாற்றச் சொல்லுங்கள். இரண்டு பெட்டியிலும் மாற்ற வேண்டும், ஒன்றில் மட்டும் மாற்றினால் ஜோடியே பிரிந்துவிடும். திறக்கும்போது வூஃபர் விளிம்பையும் பாருங்கள். ரப்பர் என்றால் பெரும்பாலும் நன்றாக இருக்கும். ஃபோம் என்றால் விரல் பட்டதும் அப்பளமாக நொறுங்கலாம். கோனைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, விளிம்பை மட்டும் புதிதாக ஒட்டலாம்.

கேள்வி: 2008-இல் வாங்கிய டிவிடி ஹோம் தியேட்டரின் பிளேயர் செத்துவிட்டது. அதன் ஐந்து குட்டி ஸ்பீக்கர்களையும் சப்வூஃபரையும் புது ரிசீவரில் போடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: குட்டி ஸ்பீக்கரைத் திருப்பிப் பாருங்கள். 3 ஓம்ஸ் (மின்தடை அளவு) என்று அச்சடித்திருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். பெரும்பாலான ரிசீவர்கள் 6 ஓம்ஸுக்குக் குறையாமல் கேட்கும். மீறிப் போட்டால் கரண்ட் அதிகமாக இழுத்துச் சூடாகி, சண்டைக்காட்சி வரும் நேரமாகப் பார்த்து தன்னைக் காத்துக்கொள்ள (ப்ரொடெக்‌ஷன்) அணைந்துவிடும். 6 அல்லது 8 என்றால் இரண்டை மட்டும் எடுத்து சரவுண்டில் (பக்கவாட்டுச் சூழல் ஒலிக்கு) போடுங்கள். அங்கே வருவது பெரும்பாலும் மழை, கூட்டம், எதிரொலிதான், குரல் பொருத்தம் அவ்வளவு கறாராக வேண்டாம். உட்காரும் இடத்துக்கு நேர் பக்கவாட்டிலிருந்து சற்றுப் பின்னால், அதாவது 110 டிகிரி வாக்கில், காதுக்கு ஓரிரு அடி மேலே மாட்டுங்கள். மெனுவில் 'ஸ்மால்' போட்டு, கிராஸ்ஓவரை (இதற்குக் கீழான ஒலி சப்வூஃபருக்குப் போகும் எல்லை) 80-இல் விடாமல் 150 ஹெர்ட்ஸுக்கு ஏற்றுங்கள். மூன்று அங்குலக் கோனுக்கு அதற்குக் கீழே மூச்சு வாங்கும்.

சப்வூஃபருக்குத் தனி மின்சார ஒயர் இருக்கிறதா? இல்லையென்றால் அதை ஓட்டிய ஆம்ப்ளிஃபயர் அந்தச் செத்த பிளேயருக்குள்தான் இருந்தது. ரிசீவரின் சப்-அவுட்டில் வருவது வெறும் சிக்னல், அதில் செருகினால் சத்தமே வராது. ஒயர் இருக்கிறது என்றால் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், எதை எங்கே செருகுவது என்று சொல்கிறேன்.