க்ரோன் நோயுள்ள குடலில் ஒரு முடிச்சு: பயாப்சியை நம்பலாமா?

கேள்வி: வயது 38. ஆறு ஆண்டுகளாக க்ரோன் நோய்க்கு (குடலில் நீடிக்கும் அழற்சி) இன்ஃபிளிக்ஸிமாப் என்ற மருந்து போட்டுவருகிறேன். தினமும் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையும் உண்டு. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒன்றரை செ.மீ. முடிச்சு இருப்பதாக சி.டி. ஸ்கேன் சொல்கிறது. பயாப்சியில் (திசுப் பரிசோதனை) 'அழற்சி மட்டுமே' என்று வந்தது. ரத்தத்தில் குரோமோகிரானின் ஏ என்ற புரதம் அதிகம். அதனால் நியூரோஎண்டோகிரைன் கட்டியோ (ஹார்மோன் சுரக்கும் செல்களில் உருவாகும் கட்டி) என்று சந்தேகிக்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இப்போதைக்கு பயாப்சி, குரோமோகிரானின் இரண்டையுமே முழுதாக நம்ப வேண்டாம்.

நியூரோஎண்டோகிரைன் கட்டி பெரும்பாலும் சளிப்படலத்துக்கு அடியில் வளரும். கொலோனோஸ்கோபி இடுக்கியோ மேலாகக் கிள்ளித்தான் எடுக்கும். அங்கே க்ரோன் புண் இருந்தால் அழற்சிதானே கிடைக்கும்? அதனால் கட்டி இல்லையென்று ஆகிவிடாது.

குரோமோகிரானினும் அப்படித்தான். பான்டோபிரசோல் அமிலத்தைக் குறைக்க, காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் ஏறுகிறது; அது இரைப்பையின் ஒருவகைச் செல்களைத் தூண்ட, குரோமோகிரானினும் ஏறுகிறது. குடல் அழற்சியாலும் சிறுநீரகக் கோளாறாலும்கூட ஏறும். மருத்துவர் சம்மதித்தால் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். ஸ்டீராய்டும் எடுப்பவரானால் பான்டோபிரசோலை நீங்களாக நிறுத்தக் கூடாது.

24 மணி நேரச் சிறுநீரில் 5-ஹெச்.ஐ.ஏ.ஏ. (செரடோனின் சிதைந்து வரும் பொருள்; இக்கட்டியில் கூடலாம்) பார்க்கச் சொன்னால், மூன்று நாள் முன்பிருந்தே வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, வால்நட் வேண்டாம். பாராசிட்டமாலும் கணக்கைக் கெடுக்கும். முதல் நாள் காலையின் முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு, மறுநாள் காலை முதல் சிறுநீர்வரை சேகரிக்க வேண்டும். கல்லீரலுக்குப் பரவாத சிறு கட்டியில் இதன் அளவு இயல்பானதாகவே வரலாம்.

அதிகம் உதவுவது காலியம்-68 டோட்டாடேட் பெட் ஸ்கேன்தான்; இவ்வகைக் கட்டியில் ஒட்டும் கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் படமெடுப்பது அது. அழற்சியுள்ள இடமும் லேசாக ஒளிரும். கட்டி பெரும்பாலும் ஒரே புள்ளியில் பளிச்சென்று தெரியும். சி.டி.யில் குடலைத் தாங்கும் மடிப்பு சக்கரத்தின் ஆரம்போல இழுபட்டிருக்கிறதா, அதில் சுண்ணாம்புப் படிவு உண்டா என்று கதிரியக்க மருத்துவரை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அவை கட்டியின் பக்கம் சாயும் அடையாளங்கள்.

அறுவைக்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள ஏன் இவ்வளவு பாடு? க்ரோனால் குடல் சுருங்கியிருக்கிறது என்றால் குடலை எவ்வளவு மிச்சம் பிடிக்கலாமோ அவ்வளவு பிடிப்பார்கள். சுருங்கிய இடத்தை விரித்துத் தைத்துவிடுவதும் உண்டு. நியூரோஎண்டோகிரைன் கட்டியென்றால் நிணநீர் முடிச்சுகளோடு சேர்த்து வெட்ட வேண்டும், ஏனென்றால் சிறுகுடலில் சின்னக் கட்டிகூட அங்கே பரவும். ஒன்றுக்கு மேல் இருப்பதும் சகஜம். ஆகவே முழுச் சிறுகுடலையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். க்ரோன் என்றே நினைத்துத் திறந்தால் நிணநீர் முடிச்சுகளை எடுப்பதும் குடலைத் தடவிப் பார்ப்பதும் விட்டுப்போகும்.

எடுத்த திசுவில் நியூரோஎண்டோகிரைன் செல்களைக் காட்டும் சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் சாயம் ஏறினால் நோய் உறுதி. செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் கி-67 அளவு 3 சதவீதத்துக்குக் கீழ் முதல் தரம், 3 முதல் 20 வரை இரண்டாம் தரம், அதற்கு மேல் மூன்றாம் தரம்.

இன்ஃபிளிக்ஸிமாப்பைத் தொடர்வதா என்பதைக் குடல் மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். நீங்களாகத் தவணையைத் தள்ளாதீர்கள். இதற்கிடையே வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாமல் நின்றால் அது குடல் அடைப்பு. அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.