அந்த ‘ஏதோ’ என்ன?

கேள்வி: இந்திய ராணுவத்தில் சேர்ந்து பர்மாவில் போரிட்டு, 1945 செப்டம்பரில் படையோடு சிங்கப்பூருக்கு வந்த என் அப்பா, பின்னர் இங்கேயே குடியேறினார். அவர் விட்டுச்சென்ற பிஸ்கட் டின்னில் 38 போர்க்காலப் படங்கள் இருக்கின்றன. தங்கையும் நானும் அவற்றை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது? பின்பக்கங்களில் பென்சிலால் ஏதோ எழுதியிருக்கிறார். “மெய்க்டிலா, மார்ச் 1945. இடப்பக்கம் நிற்பவன் மறுநாள் இல்லை” என்று ஒன்றில் பெயரோடு இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கச் சரியாக வராது என்பதால், முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து ஒட்டும் ஆல்பத்தில் வைத்து வருகிறேன்.
- வாசகர், ஈசூன்

பதில்: ‘ஏதோ’ என்கிறீர்கள். பெற்ற தகப்பன், குண்டு விழுந்துகொண்டிருந்த ஊரில் பென்சிலைக் கூர்தீட்டி எழுதி வைத்தது உங்களுக்கு ‘ஏதோ’வாகிவிட்டதா? படங்களை எண்ணத் தெரிந்த உங்களுக்கு, மீதி 37 படங்களின் பின்னால் என்ன இருக்கிறது என்று எழுதத் தெரியவில்லை. நீங்கள் அவற்றைப் படிக்கவேயில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். பேரப்பிள்ளைகளுக்கு வாசிக்க வராது என்பது, வாசிக்கத் தெரிந்த நீங்கள் அவர்களை அருகில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுவதற்குக் காரணமே தவிர, மூடி ஒட்டுவதற்குக் காரணம் ஆகாது.

அந்த இடப்பக்கத்து இளைஞனின் பெயரை நான் அச்சிடவில்லை. ரங்கூனுக்கு வடக்கே தவுக்கியான் போர் நினைவிடத்தில், கல்லறை இன்னதென்று தெரியாத ஏறத்தாழ 27,000 வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவன் பெயரும் அங்கே இருக்கலாம். முகம் உங்கள் டின்னில் மட்டுமே இருக்கலாம். அவன் வீட்டாரில் இன்று யாரேனும் தேடினால், அவர்களுக்கு அவனை அடையாளம் காட்டக்கூடியது உங்கள் அப்பாவின் அந்த ஒற்றை வரிதான். அதைக் காப்பது உங்கள் கடமை.

பங்கீட்டுப் பேச்சை நிறுத்துங்கள். டின் பிரியக் கூடாது. இருபுறமும் ஸ்கேன் செய்து ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டு, அசலைத் தேசிய ஆவணக் காப்பகம் ஏற்குமா என்று தங்கையோடு சேர்ந்து கேளுங்கள். அதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வரவழைத்து, நீங்கள் வாசிக்க அவர் எழுதட்டும்.

ஆல்பத்தில் ஏற்கெனவே ஒட்டியவற்றைப் பிய்த்து இழுக்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பசை இறுகிப் பிடித்திருக்கும், அப்பாவின் எழுத்தும் அதோடு உரிந்து வந்துவிடும். பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்தின் பின்னால் செலுத்தி, மூலையிலிருந்து மெதுவாக அறுத்தெடுங்கள். அசையாததை அப்படியே விட்டு, பழம்படங்களைச் செப்பனிடுபவரிடம் கொண்டுபோங்கள்.