வாசகர் கேள்வி - பதில்: தெருவுக்குள் 30 கி.மீ. போதுமா?

குடியிருப்புத் தெருக்களில் எந்த வண்டியும் 30 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்து போலீஸ் வரம்பு வைத்தது. அதையொட்டி வந்த கேள்விகளில் சில.

பிரேக் நன்றாக இருந்தால் 50-ல் வந்தாலும் நிறுத்திவிடலாமே? வெறும் 20 கி.மீ.-ல் என்ன பெரிய வித்தியாசம்? (கொளத்தூர் வாசகர்)

பிரேக் பிடிப்பதற்கு முன்னாலேயே பாதிக் கதை முடிந்துவிடுகிறது. குழந்தை குறுக்கே ஓடி வருவதைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போய்ச் சேர, விழிப்பாக இருப்பவருக்கே ஒரு விநாடி ஆகும். அந்த ஒரு விநாடியில் 50-ல் வரும் வண்டி 14 மீட்டர் ஓடியிருக்கும். 30-ல் வரும் வண்டி 8 மீட்டர் சொச்சம்.

அதன் பிறகுதான் பிரேக் வேலை செய்யத் தொடங்குகிறது. காய்ந்த தார் ரோடு, நல்ல டயர் என்று வைத்துக்கொண்டால் 30-லிருந்து நிற்க இன்னும் 5 மீட்டர் போதும். ஆக மொத்தம் 13 மீட்டரும் கொஞ்சமும். 30-ல் வந்த கார் முழுதாக நின்றுவிட்ட அந்த இடத்தில், 50-ல் வந்தவர் இன்னும் பிரேக்கைத் தொடவே இல்லை. குழந்தை அங்கே நின்றால் முழு 50-லேயே மோதுவார். அவர் வண்டி நிற்க 28 மீட்டர் வேண்டும். அதே 28-வது மீட்டரை 60-ல் வந்த கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் 40.

வேகம் இரு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும் என்பதுதான் இதற்குக் காரணம். மழை, தேய்ந்த டயர் என்றால் கணக்கு இன்னும் மோசம். பின் பிரேக்கை மட்டும் மிதித்துப் பழகிய பைக்காரருக்கு பிரேக் தூரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நம் ஊரில் அப்படிப் பழகியவர்கள்தான் அதிகம்.

போர்டே இல்லாத ரோட்டில் சட்டப்படி எவ்வளவு வேகம் போகலாம்? (திருச்சி வாசகர்)

மத்திய அரசின் 2018 ஏப்ரல் அறிவிக்கைப்படி மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் காருக்கு 70, பைக்குக்கும் சரக்கு வண்டிக்கும் 60, ஆட்டோவுக்கு 50. இதைக் குறைக்கும் அதிகாரம் மாநில அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும் உண்டு: மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 112. சென்னை 2023-ல் காருக்கு 60, பைக்குக்கும் கனரக வண்டிக்கும் 50, ஆட்டோவுக்கு 40 என்று குறைத்துவிட்டு, குடியிருப்புத் தெருவுக்கு மட்டும் எல்லாருக்கும் 30 வைத்தது.

உங்கள் ஊரில் அப்படித் தனி அறிவிப்பு இல்லையென்றால், இரண்டு ஸ்கூட்டர் உரசிக்கொள்ளாமல் போக முடியாத சந்திலும் காகிதத்தில் 70தான்! வரம்பை மீறினால் கார், பைக்குக்கு ரூ.1,000 முதல் 2,000 வரை. பஸ், லாரிக்கு ரூ.2,000 முதல் 4,000 வரை.

போர்டை மாற்றினால் யார் மதிப்பார்கள்? வெளிநாட்டிலாவது பலன் கிடைத்ததா? (மதுரை வாசகி)

எல்லாரும் மதிப்பதில்லை. அப்படியும் பலன் இருக்கிறது. பிரிட்டனில் உள்ள வேல்ஸ் நாட்டில் 2023 செப்டம்பர் 17 அன்று, தெருவிளக்கு வரிசையுள்ள சாலைகளின் பொது வரம்பு 30 மைலிலிருந்து 20 மைலாக, நம் கணக்கில் 48 கி.மீ.-லிருந்து 32 ஆக, இறங்கியது. எதிர்ப்பு பலமாக இருந்தது; ரத்து செய்யக் கோரி ஏறக்குறைய 4.7 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். வரம்பு 16 கி.மீ. இறங்கியும் சராசரி வேகம் இறங்கியது சுமார் 6 கி.மீ.தான். அதற்கே முதல் ஆண்டில் அந்த வகைச் சாலைகளில் அடிபட்டவர்களும் இறந்தவர்களும் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தார்கள். சராசரி வேகம் ஒரு சதவீதம் ஏறினால் உயிர்ப்பலி விபத்து நான்கு சதவீதம் ஏறும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதோடு இது பொருந்திப் போகிறது.

அங்கே நடந்த பிசகு, ஊரை ஊடுருவிப் போகும் பெரிய சாலைகள் சிலவும் 20 மைல் வரம்புக்குள் சிக்கியது. எந்தெந்தச் சாலையை மீண்டும் 30 மைல் ஆக்கலாம் என்று 2024-ல் வழிகாட்டுதலைத் திருத்தினார்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992-லேயே தெருவுக்கு 30 கி.மீ., முக்கியச் சாலைக்கு 50 கி.மீ. என்று பிரித்துவிட்டது. என் பார்வையில் நமக்கு ஏற்ற முறை அதுதான். ஒவ்வொரு தெருவும் மனுப் போட்டு 30 கேட்கும் நிலை மாறி, 30-க்கு மேல் வேண்டும் என்கிற சாலைக்குத்தான் காரணம் காட்ட வேண்டும் என்றாகிவிடும்.

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில் 2024 ஜூலை முதல் ஓராண்டு சாலை விபத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. பாதிக்கும் மேற்பட்ட தெருக்களில் அங்கே 30தான். ஆனால் கேமராவும் தெருவைக் குறுக்கியதும் சேர்ந்துதான் அதைச் சாதித்தன.

தெருக்காரர்கள் சேர்ந்து நாங்களே ஸ்பீடு பிரேக்கர் போட்டுக்கொள்ளலாமா? (அம்பத்தூர் வாசகர்)

கூடாது. அனுமதியில்லாமல் போட்டு, அதில் யாராவது விழுந்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். அதைவிடப் பெரிய சிக்கல், அது வேகத்தையே குறைக்காது. கலவையைக் கொட்டிப் போடும் ஒன்றரை அடி அகல மேட்டில் மெதுவாக ஏறினால்தான் முதுகில் குத்தும்; வேகமாகப் போகிற காரில் அந்தக் குலுக்கலை ஸ்பிரிங்கே விழுங்கிவிடும். அடி வாங்குவது பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பாட்டி.

சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு வேறு: வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆர வளைவு. 25 கி.மீ.-ல் இதில் அலுங்காமல் ஏறி இறங்கலாம். 40-ல் வந்தால் தூக்கிப் போடும். பஸ் போகும் தெருவானால் மேட்டுக்கு முன்னும் பின்னும் 1.5 மீட்டர் சரிவு சேர்க்க வேண்டும். 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கை போர்டு, மேட்டின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டை, பக்கத்திலேயே தெருவிளக்கு.

சொதப்புகிற இடங்கள் மூன்று. மழைநீர் போக ஓரத்தில் இடைவெளி விடுவார்கள். பைக் எல்லாம் அதில் நுழைந்துவிடும். இடைவெளியை மூடி, அடியில் குழாய் பதிக்கச் சொல்லுங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புது ரோடு போட்டால் மேடு பாதி புதைந்துவிடும். பெயின்ட் அழிந்தபின் யாரும் திரும்பப் பூசுவதில்லை. இரவில் அதுவே விபத்தாகிறது.

எங்கள் தெருவுக்கு 30 வாங்க எங்கே போக வேண்டும்? (கோவை வாசகி)

முதலில் கையில் கணக்கு இருக்கட்டும். தெருவில் 50 மீட்டரை டேப் வைத்து அளந்து, இரு முனையிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். நெரிசல் இல்லாத நேரத்தில், இரண்டு கோடும் தெரியும்படி மாடியிலிருந்து செல்போனில் வீடியோ எடுங்கள். ஸ்டாப் வாட்ச் வேண்டாம், விரல் தாமதிக்கும். 50 மீட்டரை 6 விநாடியில் கடந்தால் 30 கி.மீ.; 4.5 விநாடி என்றால் 40, 3.6 என்றால் 50. தொடர்ந்து வரும் 100 வண்டிகளை எடுங்கள். வேகமானவற்றை மட்டும் பொறுக்கினால் அதிகாரி ஒரே கேள்வியில் பிடித்துவிடுவார். வேக வரிசையில் அடுக்கி, மிக மெதுவான வண்டியிலிருந்து எண்ணி 85-வது வண்டியின் வேகத்தைக் குறியுங்கள். சாலைப் பொறியாளர்கள் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

அதோடு பள்ளி, கோயில், ரேஷன் கடை இருக்கும் இடங்களைக் காட்டும் வரைபடம், விபத்து நடந்திருந்தால் எஃப்.ஐ.ஆர். எண் வையுங்கள். ஒரு மனு போக்குவரத்து போலீஸ் உதவி ஆணையருக்கு, இன்னொன்று மாநகராட்சி மண்டலப் பொறியாளருக்கு. மாவட்டங்களில் கலெக்டர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு. மனுவில் "பிரிவு 112-ன்படி அறிவிக்கையும், பிரிவு 116-ன்படி போர்டும்" என்று இரண்டையும் கேளுங்கள். அறிவிக்கையில்லாமல் போர்டு மட்டும் வந்தால் அபராதம் கோர்ட்டில் நிற்காது. காம்பவுண்டு சுவரில் எழுதிய "மெதுவாகச் செல்லவும்" சட்டப்படி ஒன்றுமில்லை.

30-ல் போனால் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வது? (வேளச்சேரி வாசகர்)

மெயின் ரோட்டிலிருந்து உங்கள் வீடு அரை கிலோமீட்டர் என்றால் 50-ல் 36 விநாடி, 30-ல் 60 விநாடி. மெயின் ரோட்டில் 30 கேட்கவில்லை.

பைக்கில் 30-ல் போனால் பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தே கொல்கிறார். (தாம்பரம் வாசகி)

பயந்து ஓரத்தில் ஒட்டாதீர்கள். நிறுத்தியிருக்கும் காரின் கதவு திறந்தால் ஒரு மீட்டர் வரை வெளியே வரும். அந்த இடைவெளி விட்டே ஓட்டுங்கள். அகலமான இடம் வந்ததும் இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கி, அவரைப் போகவிடுங்கள்.