சட்டம் யார் மேல் ஏறுகிறது? தில்லி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி தில்லிக் காற்றைப் பற்றியவை. மீதி துப்பாக்கிச் சட்டமும் பருவநிலையும். அரசுத் திட்டங்களின் கணக்குகளைப் படிப்பதே பல வருடம் என் பிழைப்பாக இருந்தது. அந்தச் சந்தேகப் புத்தியோடுதான் பதில் சொல்கிறேன்.

மயூர் விஹாரிலிருந்து ஓய்வுபெற்ற வாசகர்: என் டீசல் காருக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. புகைச் சோதனையில் ஒவ்வொரு முறையும் தேறுகிறது. ஆனாலும் ஓட்டக்கூடாது என்கிறார்கள். நியாயமா சார்?

நியாயம் குறைவுதான். டீசலுக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம் என்ற விதி பசுமைத் தீர்ப்பாயத்திலிருந்து வந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் பழைய வண்டிகளுக்கு பங்க்கில் எண்ணெய் ஊற்றக்கூடாது என்றார்கள். பத்து நாள்கூட ஆகவில்லை, ஒத்திவைத்துவிட்டார்கள். பங்க்கில் வண்டி எண்ணைப் படிக்கும் கேமரா சரியாக வேலை செய்யவில்லை. தில்லியில் மறுத்தால் பக்கத்து நொய்டாவில் ஊற்றிக்கொள்ளலாம். அப்புறம் அந்த உத்தரவில் எவ்வளவோ மாறிவிட்டது, வயதை விட்டு, வண்டி எவ்வளவு புகை விடலாம் என்று சொல்லும் பி.எஸ். தரத்தைப் பார்க்கும் பக்கம் நகர்ந்திருக்கிறது. அது பரவாயில்லை.

முதலில் வயதை ஏன் பிடித்தார்கள்? ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருப்பதால். புகையை அளக்க ஆள் வேண்டும், கருவி வேண்டும், லஞ்சம் வாங்காத சோதனை மையம் வேண்டும். தேதியைப் பார்க்க ஒன்றும் வேண்டாம். அதனால் வண்டியை ஒழுங்காகப் பராமரித்து, காகிதமெல்லாம் சரியாக வைத்திருப்பவர்தான் முதலில் மாட்டுகிறார். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள்: உங்கள் புகைச் சான்றிதழையும் நான் பெரிதாக நம்பவில்லை. நுரையீரலுக்குள் போகும் நுண்துகளை அந்தச் சோதனை நேரடியாக அளப்பதே இல்லை.

கரோல் பாகிலிருந்து கல்லூரி மாணவி: காற்றை உறிஞ்சி வடிகட்டும் கனாட் பிளேஸ் ஸ்மாக் டவர் வேஸ்ட்தானா?

ஆமாம். 2021 ஆகஸ்டில் 20 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, 40 விசிறிகளோடு திறந்தார்கள். திறந்த மைதானத்துக்கு ஏசி போட்ட கதை. பக்கத்தில் நிற்பவருக்கு ஏதோ கொஞ்சம் பலன், அவ்வளவுதான். ஆனால் போட்டோவில் நன்றாக விழும்.

ஜனக்புரியிலிருந்து ஒரு அம்மா: நவம்பர் வந்தாலே என் பேரனுக்கு இருமல். பஞ்சாப் விவசாயிகள் அறுத்த வயலில் நெல் தாளைக் கொளுத்துவதை அரசால் ஏன் நிறுத்த முடியவில்லை?

அம்மா, அந்த நெருப்பின் தேதியை ஓரளவு நிர்ணயித்ததே அரசுதான். நிலத்தடி நீர் அதலபாதாளத்துக்குப் போகிறது என்று 2009-ல் பஞ்சாப் ஒரு சட்டம் போட்டது. ஜூன் 10-க்கு முன் நெல் நாற்று நடக்கூடாது என்று அப்போது விதித்தது. ஹரியானாவும் அதே வழியில் போனது. கோடை வெயிலில் வயலில் தண்ணீர் தேக்கினால் வீணாகிறது என்பது உண்மைதான். நோக்கத்தில் குறை இல்லை. ஆனால் நடவு தள்ளினால் அறுப்பும் தள்ளிப்போகும். அறுப்பு முடிந்து கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரம்தான் கிடைக்கிறது. இயந்திரம் அறுத்த வயலில் நிற்கிற தாளை அதற்குள் அகற்ற மலிவான வழி தீக்குச்சி. அதுவும் எப்போது? காற்று அடங்கி, குளிர் இறங்கி, புகை மேலே எழும்பாமல் படுத்துக்கொள்ளும் நேரத்தில்.

தண்ணீர் தீர்ந்ததற்குக் காரணம் இலவச மின்சாரமும், நெல்லுக்கு உறுதியான கொள்முதலும். அந்த இரண்டிலும் எந்தக் கட்சியும் கை வைக்காது. தேதியில் கை வைத்தார்கள், இப்போது கொளுத்துகிறவன் மேல் வழக்குப் போடுகிறார்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: தாள் புகை சில வாரம்தான். ஜனவரியிலும் பேரன் இருமினால் அது தில்லியின் சொந்தப் புகை.

ஆர்.கே.புரத்திலிருந்து: என் மகன் டெக்சாஸில் இருக்கிறான். துப்பாக்கியைத் தடை செய்தால் திருடனிடம் மட்டும்தான் இருக்கும் என்று வாதாடுகிறான். சரியா?

பாதி சரி. 2017 கணக்கீட்டின்படி அமெரிக்கப் பொதுமக்களிடம் 39 கோடிக்கு மேல் துப்பாக்கி, அதாவது ஆள்தொகையைவிட அதிகம். அங்கே நகராட்சிகள் காசு கொடுத்துத் துப்பாக்கி வாங்கும் முகாம்களால் பெரிய பலன் தெரியவில்லை. பரணில் கிடக்கிற ஓட்டைத் துப்பாக்கிதான் வந்து சேர்கிறது. ஆஸ்திரேலியாவில் 1996-ல் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, தடை செய்த ரகங்களைக் கட்டாயமாக ஒப்படைக்கச் சொன்னார்கள். சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கி வந்தது. தீவு நாடு, பக்கத்து நாட்டிலிருந்து சாலை வழியாகக் கடத்திவர வழியில்லை. அதற்கு முன்பே துப்பாக்கிச் சாவு குறைந்துகொண்டுதான் இருந்தது, எவ்வளவு குறைவு சட்டத்தால் என்று இன்றும் சண்டை போடுகிறார்கள்.

மகனிடம் இதையும் கேளுங்கள். அங்கே துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. அதில் திருடன் எங்கே வருகிறான்? தடை கேட்கிறவர்களில் பலரும் இதை அதிகம் பேசுவதில்லை. டிவியில் வருகிற பெரிய ரைஃபிளைப் பற்றியே பேசுகிறார்கள். கொலைகளில் அதன் பங்கு சிறியது.

முனீர்காவிலிருந்து: நம் ஊரில் சட்டம் கடுமை, அதனால்தான் நமக்கு அந்தத் தொல்லை இல்லை, இல்லையா?

கடுமை காகிதத்தில். அதே 2017 கணக்கீடு இந்தியாவில் பொதுமக்களிடம் சுமார் 7.1 கோடி துப்பாக்கி என்கிறது. பதிவானது 97 லட்சம்தான். 1959 ஆயுதச் சட்டத்தை 2019-ல் திருத்தி, ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். மூன்றாவதைக் கொண்டுபோய் ஒப்படைக்கிறவர் யார்? லைசென்ஸ் உள்ளவர். பீகாரின் முங்கேர் பக்கம் செய்த கட்டாவை, அதாவது நாட்டுத் துப்பாக்கியை, இடுப்பில் செருகியிருப்பவன் திருத்தத்தைப் படிக்கப் போவதில்லை. நம் ஊரில் துப்பாக்கிக் கொலைகளில் பெரும்பாலானவை லைசென்ஸ் இல்லாத ஆயுதத்தால்தான். மயூர் விஹார் சாரின் கார் கதைதான் இங்கேயும்.

அந்தத் திருத்தத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அங்கே சுடுகிறவர் பலர் லைசென்ஸ் வைத்திருக்கும் மாமா, சித்தப்பாக்கள். சட்டம் போய்ச் சேருகிற இடம்.

பெயர் வேண்டாம் என்றவர்: எல்லாவற்றையும் நொட்டை சொல்கிறீர்கள். அரசு எதையுமே உருப்படியாகச் செய்ததில்லையா? யாருக்கு ஏஜெண்ட் நீங்கள்?

ஏஜெண்டுக்குக் கமிஷன் வரும், எனக்கு வரவில்லை. உருப்படியானவை இருக்கின்றன. தில்லிப் பேருந்துகளை டீசலிலிருந்து சி.என்.ஜி. எரிவாயுவுக்கு மாற்ற 1998-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, 2002 வாக்கில் மாறிவிட்டன. மாற்ற வேண்டியது டிப்போவில் நிற்கிற பேருந்து. எண்ணிப் பார்க்கலாம், ஏமாற்றுவது கஷ்டம். எல்.இ.டி. பல்பை அரசு மொத்தமாக ஏலத்தில் வாங்கியது. 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை சில வருடத்தில் 38 ஆனது. சூரிய மின்சாரமும் அப்படியே: 2010 ஏலத்தில் யூனிட் 12 ரூபாயை ஒட்டி, 2017-ல் ராஜஸ்தானின் பட்லாவில் 2.44 ரூபாய். இதற்கெல்லாம் ஜனங்கள் குணம் மாறவேண்டிய அவசியம் இருக்கவில்லை. மலிவானது கிடைத்தது, வாங்கினார்கள்.

துவாரகாவிலிருந்து: நிலக்கரி மேல் வரி போட்டார்களே, அந்தப் பணம் என்ன ஆயிற்று?

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. 2010-ல் டன்னுக்கு 50 ரூபாயில் ஆரம்பித்து 2016-ல் 400 ஆனது. தூய்மையான மின்சாரத்துக்கு என்று சொல்லி வசூலித்தார்கள். பெரும்பகுதி அதற்குச் செலவாகவே இல்லை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கும் கணக்குக்குப் போய்விட்டது. பசுமை வரி என்றால் இப்போதெல்லாம் நான் விகிதத்தைப் பார்ப்பதில்லை. பணம் எந்தக் கணக்கில் விழுகிறது என்றுதான் பார்க்கிறேன்.

ரோகிணியிலிருந்து: அப்படியானால் பருவநிலை மாற்றமே டூப் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அது அளந்த எண். என் சந்தேகம் மருத்துவர் மேல், காய்ச்சல் மேல் அல்ல.

லக்ஷ்மி நகரிலிருந்து: நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணைப் பார்த்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டவிடும் ஒற்றைப்படை, இரட்டைப்படை கார் விதி மறுபடி வந்தால் ஆதரிக்கலாமா?

2016-லும் 2019-லும் ஸ்கூட்டர், பைக்கையெல்லாம் விட்டுவிட்டார்கள். சேர்த்தால் அத்தனை பேரை ஏற்றப் பேருந்து இல்லை, சேர்க்காவிட்டால் பலன் கொஞ்சம். வந்தால் சாலை காலியாக இருக்கும், சுகமாகப் போகலாம். மெட்ரோவில் மட்டும் கூட்டம் நெரியும் ராஜீவ் சௌக்கில் ஏறிவிடலாம் என்று கனவு காணாதீர்கள்.